செப்டிக் ஊசி

தபீதாள் தான் அடித்த எதையும் படித்ததில்லை. மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எட்டு வருஷமாகத் தமிழ் மெஷின் அவளுடையது. கல்யாணப் பத்திரிகை, வக்கீல் நோட்டீஸ், சபைக் கமிட்டி அறிக்கை, கல்லூரி நோட்ஸ் என்று எது வந்தாலும் கண் தாளில் இருக்கும், விரல் மெஷினில் இருக்கும். நடுவில் இருக்கவேண்டிய ஆள்தான் இருக்கமாட்டாள். "தபீதாள் அக்காவைப் பாருங்க. படிச்சுகினே அடிச்சாத்தான் தப்பு வரும்" என்று இன்ஸ்டிடியூட் நடத்திய சுந்தரவல்லி, புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவளைக் காட்டுவாள். இதில் பெருமைப்பட என்ன இருந்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

கொதிக்கிற டீயை அவள் மடக் மடக்கென்று குடிப்பாள். நாக்கு சுட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிரதி எடுக்க அடிக்கும் ஸ்டென்சில் தாளில் தப்பு விழுந்தால் பூசும் சிவப்புத் திரவத்தின் நெடிக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவளுக்கு அது எட்டாது. சபையில் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். பொறுமை என்றால் வலிக்கிறவர் பொறுத்துக்கொள்வது. இவளுக்கு வலிக்கவே இல்லை. அதற்கு வேறு பேர் வைத்திருக்கவேண்டும், யாரும் மெனக்கெடவில்லை.

எல்லாம் எண்பத்தாறாம் வருஷத்துப் பெரிய வியாழக்கிழமையில் ஆரம்பித்தது. அவள் புருஷன் தனசிங், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரன். தாம்பரத்தைச் சுற்றி ஏரிக்கரை வரைக்கும் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம், அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கு இரும்புலியூரில் ஒரு மொட்டைமாடிக்குப் போட்ட பலகைகளைப் பிரிக்கும்போது, ஆணி நிமிர்ந்து நின்ற ஒரு பலகையை மிதித்துவிட்டான். ரப்பர் செருப்பைத் துளைத்து ஆணி குதிகாலுக்குள் இறங்கிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, மீதி வேலையையும் முடித்துவிட்டுத்தான் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"வா தபீதா, கம்பவுண்டராண்ட போயி செப்டிக் ஊசி ஒண்ணு போட்டுகினு வந்துடலாம்" என்றான்.

ஊசிக்கு மட்டும் அவன் தனியாகப் போகமாட்டான். மூன்றாம் மாடி விளிம்பில் ஒற்றைக் கழியில் நிற்பான், பயமில்லை. ஊசியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான், கூட ஒரு ஆள் வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

தபீதாளுக்கு அப்போது வயது இருபத்தாறு, பாடகர் குழுவில் முதல் குரல். மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை, மூன்று மணி நேர ஆராதனை. அதில் ஒரு பாட்டை அவள் தனியாகப் பாடவேண்டும், இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒத்திகை. வெள்ளைப் புடவை கஞ்சி போட்டு விறைத்துக் கிடந்தது, இஸ்திரி போடவில்லை. ஒன்றரை வயசு மெட்டில்டா இடுப்பில்.

"சனிக்கிழமை காலைல முதல் வேலையா போயிடலாங்க. நாளைக்குக் கம்பவுண்டரும் கோயில்லதான் இருப்பாரு" என்றாள்.

அவன் காலைக் கழுவி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஆண்கள் பக்கத்தில், நொண்டிக் காலை முன்பெஞ்சுக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் பாடியதைக் கேட்டான். நன்றாகத்தான் பாடினாள், பாதிரியாரே சொன்னார். சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கம்பவுண்டர் சவுரிமுத்து ஊசியைக் குத்தி, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, "அவ்ளோதான், இனிமே ஒண்ணும் ஆவாது" என்றார். அந்தக் காலத்தில் தாம்பரத்தில் யாருக்கு என்ன காயம் பட்டாலும் இதுதான் வழக்கம்: தகரம் கிழித்தாலும் முள் குத்தினாலும் செப்டிக் ஊசி ஒன்று, பிறகு கவலையில்லை.

பத்தாம் நாள் காலை இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப்போனான், வாய் திறக்கவில்லை. பல்வலி என்று நினைத்தார்கள். சாயங்காலம் கழுத்து விறைத்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரணஜன்னி, டெட்டனஸ் என்று சொல்லி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட ஒரு அறையில் சேர்த்தார்கள். சத்தம் கூடாது என்று நர்ஸ் அவள் வளையல்களைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். ஒரு டம்ளர் தரையில் உரசினால் போதும், அவன் உடம்பு வில்லாக வளைந்தது. ஐந்து நாள் அப்படி. ஆறாம் நாள் சத்தம் போட்டாலும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில், மண் தள்ளுவதற்கு முன்னால், படப்பையிலிருந்து வந்திருந்த அவன் அக்கா ஞானம்மாள் அந்த வார்த்தையைச் சொன்னாள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"அன்னிக்கே ஊசி போட்டிருந்தா எந்தம்பி இருந்திருப்பான். இவளுக்குப் பாட்டு முக்கியமாப் போச்சு."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஆனால் இது ஊர் வாய் இல்லை, ஒரே ஒரு வாய்தான். தபீதாள் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அவளும் அதையேதான் நினைத்தாள். அந்த வார்த்தையை முழுசாக விழுங்கினாள், அது உள்ளே போய் முழுசாகவே உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவள் அழவில்லை, பாடவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்தாள். மெட்டில்டாவுக்குப் போடவேண்டிய ஊசிகளை மட்டும் ஒரு நாள் பிந்தாமல் போட்டாள். சுகாதார நிலையத்து நர்ஸ் அட்டையைப் பார்த்து, இந்த மாதிரி ஒரு தாயா என்று ஆச்சரியப்பட்டாள்.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. தொண்ணூற்றைந்து ஜூலையில் ஒரு புதன்கிழமை, மெட்டில்டா பள்ளிக்கூடத்திலிருந்து இடது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பத்து வயசு நிறைந்த பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளியிலேயே ஊசி போட்டிருந்தார்கள்.

"செப்டிக் ஊசிம்மா. கையைத் தூக்கவே முடியல."

தபீதாள் சட்டைக்கையை விலக்கிப் பார்த்தாள். ஊசி குத்திய இடம் சிவந்து, பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. தண்ணீரில் துணியை நனைத்து வைத்தாள். மெட்டில்டா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பாவுக்கு நீ இந்த ஊசி போடவே இல்லியாமே?"

"போட்டேன்."

"லேட்டா."

தபீதாள் துணியைத் திருப்பி வைத்தாள்.

"லீவுக்குப் போனப்போ அத்தை சொன்னாங்க. அப்பா கூப்பிட்டாராம், நீ வரலியாம். பாடணும்னு போயிட்டியாம்." மெட்டில்டாவின் உதடு கோணியது. "நான் அத்தை வூட்லயே இருந்து படிக்கிறேன். படப்பைல ஸ்கூல் கீதாம். சனிக்கிழமை வந்து கூட்டிகினு போறேன்னு சொல்லியிருக்காங்க."

"சரி" என்றாள் தபீதாள்.

எந்தத் தாயாவது இதற்குச் சரி என்பாளா? ஒரு அறை விடவேண்டும், இல்லை கட்டிப்பிடித்து அழவேண்டும். இரண்டும் அவளுக்கு வரவில்லை. பெட்டியை இறக்கி, சீருடையை மடித்து உள்ளே வைத்தாள். பெண் போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு வேலையே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது கூட யாரோ ஒருத்தியின் கதை போலத்தான் தெரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. கல்லூரி விலங்கியல் பேராசிரியர் தேவானந்தம் காலையிலேயே ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. தமிழ் வழியில் படிக்கும் மாணவர்களுக்குச் சரியான புத்தகம் இல்லை என்று, தானே நோட்ஸ் எழுதி ஸ்டென்சில் அடித்து, உருட்டிப் பிரதி எடுத்துக் கொடுப்பவர். பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்று நடுநடுவே ஊர் உதாரணங்களைச் செருகுவார்.

தபீதாள் அடிக்க ஆரம்பித்தாள். பி செல், ஏற்பி, ஆன்டிஜென் என்று வார்த்தைகள் விரல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. மூன்றாம் பக்கத்தில், 'ஆணி குத்தியதும் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளும் செப்டிக் ஊசியை எடுத்துக்கொள்வோம்' என்று ஒரு வரி வந்தது. விரல் ஒரே எழுத்தில் நின்று இரண்டாவது முறையும் அடித்தது, மூன்றாவது முறையும் அடித்தது. ஸ்டென்சில் கிழிந்து ஓட்டை விழுந்தது.

பக்கத்து மெஷின் பெண் திரும்பிப் பார்த்தாள். தபீதாள் கையெழுத்துத் தாளைக் கையில் எடுத்து, எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் படித்தாள்.

'அந்த ஊசியில் இருப்பது, வீரியம் போக்கிய கிருமி நஞ்சு. உடம்பில் நோயை எதிர்க்கும் பி செல்கள் கோடிக்கணக்கில் திரிகின்றன. ஒவ்வொன்றின் மேலும் கொக்கிபோல் உள்ள ஏற்பி ஒரே ஒரு வடிவத்தைத்தான் பிடிக்கும். இந்த நஞ்சைப் பிடிக்கத் தெரிந்தவை மிகச் சில. அப்படி ஒன்று அதைப் பிடித்தால், உள்ளே இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கும். இதற்குத் துணை வரும் உதவி டி செல்லுக்கு முழு நஞ்சு கண்ணில் படாது. ஏந்திக் காட்டிய துண்டுதான் தெரியும். ரவிக்கைத் துணி வாங்க முழுப் புடவையையுமா தூக்கிக்கொண்டு போகிறோம்? ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, மேட்சிங் சென்டரில் காட்டுகிறோம் அல்லவா? டி செல் அந்தத் துண்டை அடையாளம் கண்டு கைகொடுத்தால்தான் பி செல் பெருகும், நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள் சுரக்கும். வேறு செல்களும் அகப்பட்டதை விழுங்கித் துண்டு காட்டும்தான். ஆனால் பி செல் தன் ஏற்பியால் குறிவைத்துப் பிடிப்பதால், அவற்றுக்கு வேண்டியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நஞ்சு இருந்தாலும் பிடித்துக் காட்டிவிடும். முதல் தடவை இவ்வளவும் நடந்து முடியப் பல நாள் ஆகும். பழகிய உடம்பில் மட்டுமே விரைவாக நடக்கும்.'

கடைசி இரண்டு வரிகளை அவள் மறுபடி படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

ஐந்து மணிக்குத் தேவானந்தம் வந்தார். "முடிஞ்சுதாம்மா?"

"சார், இதுல ஒரு சந்தேகம்."

அவர் பேனாவை எடுத்தார். மூன்று வருஷமாக அவள் கேட்டதெல்லாம் 'இது ளகரமா ழகரமா' என்பதுதான்.

"முன்னாடி ஒரு ஊசி கூடப் போடாத ஆளு, சார். ஆணி குத்தின அன்னிக்கே போட்டா?"

"வெறும் அந்த ஊசி மட்டுமா? பிரயோஜனமில்ல. உடம்பு அதை எடுத்து, நறுக்கி, காட்டி, தயாராகறதுக்கே ரெண்டு வாரம் ஓடிடும். அதுவும் முதல் டோஸ்ல அரைகுறைதான். ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது போட்டாத்தான் ஸ்ட்ராங்கா நிக்கும். அதுக்குள்ள ஆணியோட விஷம் வேலையை முடிச்சுடும்." அவர் வகுப்பில் சொல்வதுபோல் விரலை ஆட்டினார். "குத்தினப்புறம் போடற முதல் ஊசி அந்த ஆணிக்கு இல்லம்மா. அடுத்த ஆணிக்கு."

"ரெண்டு நாள் கழிச்சுப் போட்டா?"

"அன்னிக்குப் போட்டாலும் அதேதான், ரெண்டு நாள் கழிச்சுப் போட்டாலும் அதேதான். அந்த மாதிரி ஆளுக்கு எதிர்ப்பொருள் ரெடிமேடா இருக்கற சீரம்னு வேற ஒண்ணு கீழ இருக்கு பாருங்க, நாலாம் பக்கம். அதையும் சேர்த்துப் போடணும். நம்ம ஊர்ல அது யாருக்கும் தெரியறதில்ல." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா, வீட்ல யாருக்காவது?"

"இல்ல சார். ஸ்டென்சில்ல ஓட்டை விழுந்துடுச்சு. அந்தப் பக்கத்தை வேற அடிச்சு நாளைக்குத் தர்றேன்."

ரயில்வே மேம்பாலப் படிகளில் ஏறும்போது கீழே பீச் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷப் பாரம் இறங்கிவிட்டது, துள்ளிக் குதித்திருக்கவேண்டும். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மரத்த காலில் செருப்பு மாட்டினால் மாட்டியது எங்கே தெரியும்? தான் கொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்பது தெரியவில்லை. வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பித்தால் புடவை, ஒத்திகை, கறுப்புத் துணி, வில்லாய் வளைந்த உடம்பு எல்லாம் வரிசையாக வரவேண்டும். அதையெல்லாம் முழுசாகத் தூக்கிவைக்க அவளிடம் வாய் இல்லை. வெள்ளிக்கிழமை பூராவும் மெட்டில்டாவோடு ஒரே வீட்டில் இருந்தும் அவள் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஞானம்மாள் படப்பை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். என்ன கோபம் இருந்தாலும் தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறவள் இல்லை.

"கிளம்பிட்டியாடி கண்ணு? பதினொண்ணு வண்டிய புடிச்சுடலாம்" என்று மெட்டில்டாவிடம் சொன்னாள். பெட்டி வாசற்படியருகே இருந்தது. தபீதாள் டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"அண்ணி, அந்த ஊசி அடுத்த ஆணிக்கு."

"இன்னா?"

"ஆணி குத்தினப்புறம் போடற முதல் ஊசி, குத்தின ஆணிக்குக் கேக்காது. உடம்பு அதைப் பழகறதுக்கே ரெண்டு வாரம் ஆவும். அவரு அதுக்கு முன்னாடி ஒண்ணு கூடப் போட்டதில்ல. வியாழக்கிழமையே போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்." அவள் ஸ்டென்சில் அடிப்பது போல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "காலேஜ் சார் எழுதினதை நானே அடிச்சேன். கேட்டும் பாத்துட்டேன்."

ஞானம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னாடி கதை உடறே? ஊர்ல எல்லாரும்தான் குத்தினப்புறம் போட்டுக்கறாங்க. எல்லாரும் நல்லாத்தான கீறாங்க?"

"முன்னாடியே போட்டிருப்பாங்க. இல்லாட்டி அவங்களைக் குத்தின ஆணில கிருமி இருந்திருக்காது."

ஞானம்மாள் கெட்டவள் இல்லை. வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. இத்தனை நாள் இருந்த ஆளும் இப்போது கைவிட்டுப் போனால் அவள் என்ன செய்வாள்?

"அப்போ எந்தம்பிய யாருடி கொன்னது?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

மெட்டில்டா பெட்டி மேலிருந்து எழுந்து வந்தாள்.

"எனக்கு இது எத்தினியாவது ஊசிம்மா?"

"ஆறாவது. கைக்குழந்தைல மூணு, ஒன்றரை வயசுல ஒண்ணு, ஸ்கூல் சேத்தப்போ ஒண்ணு, இப்போ ஒண்ணு."

"உனக்கு?"

"ரெண்டு. உன்னை வயித்துல வச்சிருந்தப்போ, ஹெல்த் சென்டர்ல. மாசமா இருக்கறவங்களுக்கு மட்டும்தான் போடுவாங்க."

"அப்போ அப்பாவுக்கு ஏம்மா போடல? அப்பாவை நீ கூட்டிகினு போலியா?"

"வந்தாரு" என்றாள் தபீதாள். "எங்கூடதான் வந்தாரு."

சொல்லிவிட்டு நின்றாள். ஒன்பது வருஷத்தில் நினைத்தே பார்க்காத ஒன்று அவள் கண்முன் வந்தது. சுகாதார நிலையத்து வராந்தா. நீளமான மர பெஞ்ச். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஊசியைப் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த தனசிங். அவளுக்குப் போட்ட ஊசியும் அவனுக்குப் போட்டிருக்கவேண்டிய ஊசியும் ஒன்றுதான். ஒரே மேஜை, ஒரே நர்ஸ்.

"வெளில பெஞ்சில உக்காந்திருந்தாரு" என்றாள்.

"ரெண்டு வாட்டியுமா?" என்று கேட்டாள் ஞானம்மாள்.

"ரெண்டு வாட்டியும் அண்ணி. கதவு தொறந்துதான் இருந்துச்சு. என் பைய மடில வச்சுகினு... யாரும் அவரை உள்ள வான்னு கூப்பிடல. எனக்கும் தோணல அண்ணி. வெளில வந்ததும் என்னைத்தான் கேட்டாரு, வலிச்சுதான்னு."

அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வராத அழுகை, கறுப்புத் துணி போட்ட அறையில் சத்தம் கூடாதென்று அடக்கிய அழுகை, வீடு அதிர வந்தது. மெட்டில்டா பயந்துபோய் வீங்கிய கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். ஞானம்மாள் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, தபீதாளின் காலைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் பேரைச் சொல்லி அழுதாள்.

பதினோரு மணி பஸ் போய்விட்டது. ஞானம்மாள்தான் முதலில் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மத்தியானத்துக்குக் கத்தரிக்காயை நறுக்க உட்கார்ந்தாள்.